தாமல் தண்ணீருக்குச் சிவப்புச் சீட்டு

பாட்டிலை மூன்று முறை கழுவ வேண்டும். நான்கு முறை கழுவினாலும் தப்பில்லை, மூன்றுக்குக் குறையக் கூடாது. அதுவும் எந்தத் தண்ணீரைப் பிடிக்கப் போகிறோமோ அதே தண்ணீரில் கழுவ வேண்டும். வாய் வரைக்கும் நிரப்பி உடனே மூடியைத் திருகிவிட வேண்டும். படித்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் தலையை ஆட்டிவிட்டு ஒரு முறை அலசிக் கொண்டுவருவார்கள். சொன்னபடி மூன்று முறை கழுவிக் கொண்டுவந்தவள் ஒரே ஒருத்திதான். அவள் பெயர் பாக்கியமேரி. அவளுடைய குழந்தை இறந்துபோன விஷயமாகத்தான் என்னை இங்கே உட்காரவைத்திருக்கிறீர்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் ரைட்டர் நல்ல மனிதர். ஆனால் எண்களைச் சொன்னால் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். இந்த விஷயத்தில் எண்களை விட்டால் ஒன்றுமே இல்லை. அதனால்தான் நானே டைப் அடித்துத் தருகிறேன் என்று கேட்டேன். உங்கள் மிஷினில் 'ற' கொஞ்சம் சிக்குகிறது, மற்றபடி பரவாயில்லை.

என் பெயர் வேதகிரி. வயது இருபத்துநான்கு. கெமிஸ்ட்ரி பட்டம், முதல் வகுப்பு. சொந்த ஊர் காஞ்சிபுரம். அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். ஒரு மஞ்சளுக்கும் பக்கத்து மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசத்தை வெயிலில் ஒரு தடவை தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தக் கண் எனக்கும் வந்திருக்கிறது. லேபில் அது எவ்வளவு உதவியது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

லேப் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், முன்பு சைக்கிள் கடையாக இருந்த இரண்டு அறைகள். மெட்ராஸில் ஒரு பேராசிரியர் கர்ப்பிணிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். கூலி வேலை செய்கிற பெண்கள் என்ன எண்ணெய் சாப்பிடுகிறார்கள், அவர்கள் இரத்தத்தில் என்னென்ன கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன, அதற்கும் பிறக்கிற குழந்தையின் எடைக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிற வேலை. மாதம் ஒரு முறை இரத்தம் எடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, பஸ்ஸில் அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இரத்தம் எடுப்பவர் நர்ஸ் ஞானசுந்தரி. கொண்டுபோகிறவன் நான். ஒருவிதத்தில் பார்த்தால் நான் பார்சல் ஆள்.

எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, அதுதான் என் குணம். அந்தப் பெண்கள் குடிக்கிற தண்ணீரையும் ஒரு தடவை பார்த்துவைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரே ஒரு தடவை. பார்த்தேன். ஊர்க் கிணற்றில் நைட்ரேட் லிட்டருக்குப் பதினான்கு மில்லிகிராம். மேட்டுக்காலனிக் கிணற்றில் நூற்றுப் பதினெட்டு. நாற்பத்தைந்துக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது.

நைட்ரேட் என்பது உரத்திலும் எருவிலும் இருந்து இறங்குகிற உப்பு. காலனிக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தபோது மிராசுதாரின் எருக்குழிக்குப் பக்கத்தில், யாருக்கும் வேண்டாத மூலையில் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஊர்க் கிணறு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். காலனிக்காரர்கள் அதில் இறைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அந்த வழக்கத்தை நான் ஏற்படுத்தவில்லை. அதை மட்டும் அழுத்தமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. தண்ணீரை வற்றவைத்து, அடியில் தங்குகிற உப்பில் ஆசிட் விட்டு, பிறகு அமோனியா சேர்த்தால் மஞ்சளாக எழும்பும். எவ்வளவு நைட்ரேட்டோ அவ்வளவு மஞ்சள். காலனித் தண்ணீர் முதல் தடவை எழும்பியபோது நான் ஸ்டூலைவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். இங்கே எல்லோரும் குடிக்கிற ஒன்றுக்குள் இப்படி ஒரு நிறம் ஒளிந்திருக்கிறது, இந்தத் தாலுகாவில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். இருபத்துநான்கு வயதில் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அன்றைக்கே பேராசிரியருக்கு எழுதினேன். இன்லேண்ட் லெட்டரில் பதில் வந்தது. தொடர்ந்து பார்த்து எழுதுங்கள் என்று இருந்தது. தொடர்ந்து பார்த்தேன்.

ஜனவரியில் நூற்றுப் பதினெட்டு. பிப்ரவரியில் நூற்று முப்பத்தொன்று. மார்ச்சில் நூற்று ஐம்பத்திரண்டு. கிணறு வற்ற வற்ற ஏறுகிறது. கிராப் தாளில் புள்ளி வைத்தால் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரு கோடு. அதற்குக் கீழே இன்னொரு கோடும் போட்டேன். இரத்தத்தில் ஒரு பகுதி மூச்சைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும், நைட்ரேட் செய்கிற வேலை அது. ஞானசுந்தரி எடுக்கிற இரத்தத்தில் ஒரு சொட்டை நான் வைத்துக்கொண்டு அதை அளந்தேன். அந்தக் கோடும் ஏறியது. இரண்டு கோடுகளும் கைகோத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

சீட்டு விஷயம் என் யோசனைதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் நாற்பத்தைந்து, நூற்றுப் பதினெட்டு என்று சொல்லி என்ன பயன்? அதனால் நல்ல தண்ணீருக்குப் பச்சைத் தாள், கெட்ட தண்ணீருக்குச் சிவப்புத் தாள் என்று இரண்டு கட்டு வெட்டி வைத்தேன். ஞானசுந்தரிகூடப் பாராட்டினார். சுற்றுப்பட்டில் ஆறு கிணறுகளுக்குச் சீட்டு ஒட்டினோம். காலனிக் கிணற்றுக்குப் பச்சை ஒட்டினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். சிவப்பு ஒட்டினால் அவர்கள் எங்கே போவார்கள்? ஊர்க் கிணற்றுக்குப் போக முடியாது. போனால் அடிதடி. வீணாகப் பயந்துகொண்டு அதே தண்ணீரைத்தான் குடிப்பார்கள். பயமில்லாமல் குடிக்கட்டுமே என்று நினைத்தேன். பெரியவர்களை அது அவ்வளவாக ஒன்றும் செய்யாது. கைக்குழந்தை விஷயம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பிரச்சினை தண்ணீர் இல்லை, ஏழாம் மாதம். காலனியில் கர்ப்பிணிகள் ஏழு பேரைக் குறித்துவைத்திருந்தேன். ஏழாம் மாதம் வந்ததும் வளையல் அடுக்கி, அம்மா வந்து, தலைப்பிரசவத்துக்கென்று கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அங்கே வேறு கிணறு, வேறு தண்ணீர். என் கோடு பாதியில் அறுந்துவிடும். கடைசி இரண்டு மாதத்தில்தான் இரத்தம் எந்த அளவுக்குப் பழுப்பாகும் என்று தெரியும், சரியாக அப்போதுதான் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஐந்து பேர் அப்படிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது பாக்கியமேரியும், அப்போதுதான் மூன்றாம் மாதத்தில் இருந்த பக்கத்து வீட்டு அம்முலுவும்.

பாக்கியமேரியின் புருஷன் ஏசுதாஸ் வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். மாமியார் இல்லை. பத்தொன்பது வயதுப் பெண், ஓர் அறை, ஒரு சன்னல். மாதா மாதம் முதல் வாரம் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அவளே லேபுக்குக் கொண்டுவருவாள். "மூணு தபா கழுவிட்டேன் சார், நாலாவது தபா கழுவுனா தண்ணி கோச்சிக்குமா?" என்று சிரிப்பாள். நல்ல சிரிப்பு.

சித்திரை மாதம் அவளுடைய அம்மா சிட்டம்மாள் தாமலில் இருந்து வந்தாள், மகளைக் கூட்டிப்போக. இடுப்பில் ஓர் அலுமினியக் குடம், வாயைத் துணியால் கட்டியிருந்தது. போன மாதமே பாக்கியமேரியிடம் சொல்லியிருந்தேன், போவதற்கு முன்னால் அம்மா வீட்டுத் தண்ணீரையும் பார்த்துவிடலாம் என்று. ஒரு பாட்டில் போதும் என்றுதான் சொன்னேன்.

"தா நைனா, புடி. ரெண்டு பஸ்ஸு மாறி எடுத்தாந்தேன், ஒரு சொட்டு சிந்தல" என்றாள் சிட்டம்மாள். "கண்டக்டரு கொடத்துக்கும் டிக்கெட்டு எடுன்றான். அது இன்னா சீட்ல குந்திகினா வருது, என் இடுப்புலதானே கீதுன்னு கேட்டேன். வாய மூடிகினான்."

"எம்மா, சும்மா இரும்மா" என்றாள் பாக்கியமேரி.

"நீ சும்மா இரு. சார், எங்க ஏரி ஊறி வர்ற கெணறு இது. இத்த குடிச்சிட்டுதான் அஞ்சு பெத்தேன். ஒண்ணுகூட சோட போவல. நீ இன்னா வேணா பாத்துக்கோ."

இரண்டு மணி நேரம் ஆகும் என்றேன். அம்மாவும் மகளும் வாசல்படியில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டார்கள். என்ன பிள்ளை, என்ன பெயர், எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் என்று பேசிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. நான் தாமல் தண்ணீரை வற்றவைத்தேன். ஆசிட் விட்டேன். அமோனியா விட்டேன். ஒன்றும் எழும்பவில்லை. அப்படியே வெள்ளையாக நின்றது. அளந்தால் ஆறு. நான் அந்த வருஷம் பார்த்த தண்ணீரிலேயே சுத்தமான தண்ணீர் அது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மேஜைமேல் இரண்டு கட்டுத் தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கை சிவப்புக் கட்டுக்குப் போனது.

சிட்டம்மாள் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "செவப்பா?" என்றாள். "இன்னா நைனா கீது அதுல? நல்லாதானே கீது, பாரு, அடி தெரியுது."

"கண்ணுக்குத் தெரியாதும்மா. வயித்துப் புள்ளைக்கு ஆகாது."

"அப்போ நான் பெத்தது?"

"அப்போ நல்லா இருந்திருக்கும். இப்போ கெட்டுப்போயிருக்கு."

சிட்டம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், சாக்கடையில் ஊற்றினாள். ஒரே வீச்சில் ஊற்றாமல், மெதுவாக, கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டே ஊற்றினாள். பாக்கியமேரி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "வுடும்மா. நான் வரல. நீ இங்க வந்து குந்திக்கோ" என்றாள்.

அந்தச் சிவப்புச் சீட்டைத் தாமலில் கொண்டுபோய்க் காட்டி, அவர்கள் தெருவே அந்தக் கிணற்றை விட்டுவிட்டுக் கால்வாய்த் தண்ணீருக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். தாமல் என் ஆராய்ச்சி எல்லைக்குள் வரவில்லை.

வளையல் சடங்கைக் காலனியிலேயே வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், போனேன். புளிச்சோறு, கடலைச் சுண்டல் எல்லாம் சாப்பிட்டேன். எனக்கு அந்த வேற்றுமையெல்லாம் கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் பாக்கியமேரி கை நிறைய வளையலோடு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். எப்போதுமே அங்கே நான் தண்ணீர் குடித்ததில்லை. ஒன்றும் செய்யாது என்று தெரியும். ஆனால் எண் தெரிந்த பிறகு கை நீளாது.

"பரவால்ல சார்" என்றாள் மெதுவாக. "எங்க வூட்டுத் தண்ணி குடிச்சா ஊர்ல உங்கள ஒரு மாரி பேசுவாங்க."

நான் மறுக்கவில்லை. அவள் அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஏப்ரலில் நூற்று எண்பத்தேழு. மே மாதம் இருநூற்று இருபத்தாறு. அவள் இரத்தத்தின் கோடு நான் எதிர்பார்த்ததைவிட அழகாக ஏறியது. அந்த மே மாதம் பாட்டிலைக் கொடுத்துவிட்டு அவள் போகாமல் நின்றாள்.

"சார், இன்னொரு தபா தாமல் தண்ணிய பாக்கறியா? அம்மாவ எடுத்தாரச் சொல்றேன். நடுவுல ஒரு மழ பேஞ்சிச்சாம்."

"இப்போ பார்த்தாலும் அதேதான் இருக்கும்."

"அது வூடா சார்? நாலு செவுத்த பாத்துகினு கீறேன். ஜெயில்ல போட்ட மாரி கீது. ஏரிக்கரையில ஒரு நாளு நடந்துட்டு வந்தா போதும். தண்ணி குடிக்க மாட்டேன். சும்மா நடந்துட்டு வந்துடறேன்."

போனால் திரும்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியும். பஸ் குலுக்கல் ஆகாது என்று சொன்னேன். சரி சார் என்று போய்விட்டாள். நான் அவளை அடைத்துவைத்ததாக ஞானசுந்தரி எழுதிக்கொடுத்திருக்கிறார். அந்த வீட்டுக் கதவுக்குப் பூட்டே கிடையாது, ஐயா. வேண்டுமானால் போய்ப் பாருங்கள். ஒரு தாள்தான் இருந்தது. அதுவும் இவ்வளவு பெரிய தாள்.

சொல்லப்போனால் மாட்டிக்கொண்டவன் நான். இனி ஒரு தடவை தாமல் தண்ணீருக்குப் பச்சை கொடுத்தால், முதல் சீட்டு ஏன் சிவப்பு என்று கேட்பார்கள். காலனிக்குச் சிவப்பு கொடுத்தால், இத்தனை மாதம் ஏன் பச்சை என்று கேட்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கையெழுத்து. முன்னால் போவதைத் தவிர எனக்கு வழி இல்லை. அவளுக்காவது அழ ஆள் இருந்தது.

ஜூன் எட்டாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. என் நோட்டில் பதினேழாம் நம்பர். பெயர் வைத்திருந்தார்கள், அது என் நோட்டில் இல்லை. ஏசுதாஸைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கைக்குழந்தை விஷயம். பெரியவர்கள் உடம்பு நைட்ரேட்டைத் தாங்கிக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடம்பு தாங்காது. இரத்தம் வேகமாகப் பழுப்பாகிவிடும். குழந்தை மூச்சு விட்டுக்கொண்டே மூச்சு முட்டிப்போகும். இது புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுக் குழந்தைகளைப் பற்றித்தான் இருக்கிறது. நம் பக்கத்துக் குழந்தையை யாரும் அளந்து பார்த்ததாக எனக்குத் தெரிந்து இல்லை.

தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்குள் கிணற்றுத் தண்ணீர் போகாது. அதுதான் சிக்கல். பிரசவத்துக்குப் பிறகு பாக்கியமேரிக்கு நாலு நாள் காய்ச்சல், பால் சரியாக ஊறவில்லை. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வந்த பால்பவுடர் டின்கள் லேபில் இருந்தன. இரண்டு டின் எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே ஞானசுந்தரி பிடித்துக்கொண்டார்.

"இன்னாத்துக்கு வேதகிரி டப்பா? புள்ள வாய் வச்சி இஸ்தா பால் தானா எறங்கும். கொண்டாந்த வழியே எடுத்துகினு போ."

"அக்கா, குழந்தை பசியில கத்துது. ரெண்டு வாரத்துக்குத்தான்."

"பசியில கத்துனாதான் இஸ்க்கும். ஒனக்கு இன்னா தெரியும், நீ பெத்தியா?"

பாக்கியமேரி டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி படம் போட்ட டின், கொழுகொழுவென்று ஒரு குழந்தை. அவள் வீட்டுக்குள் அதுவரை வந்ததிலேயே விலை உயர்ந்த பொருள் அதுவாகத்தான் இருந்திருக்கும். வாங்கிக்கொண்டாள். ஞானசுந்தரி தலையில் அடித்துக்கொண்டு, "அப்போ தண்ணிய நல்லா காய்ச்சி ஊத்துடி, பச்சத் தண்ணி ஊத்தாத" என்றார்.

காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகிப் போகப்போக மிச்சத்தில் அது கூடும். ஞானசுந்தரிக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அந்த இடத்தில் நின்றவர்களில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துப் போனபோது, அடுப்பில் கஷாயம் மாதிரி தண்ணீர் சுண்டிக்கொண்டிருந்தது.

"ஒரு சொம்பு வச்சி அர சொம்பா சுண்டனதும் எறக்குவேன் சார்" என்றாள். "நர்சம்மா காய்ச்சுன்னுதான் சொன்னாங்க. நான் நல்லாவே காய்ச்சறேன். ஒரு புள்ள, அதுக்கு இன்னா சோம்பலு?"

பிரசவத்துக்கு வந்திருந்த அவள் அம்மா நடவுக்குப் போய்விட்டிருந்தாள். வீட்டில் அவள் மட்டும்தான். விறகு பொறுக்கி, ஒரு நாளைக்கு நாலு தடவை, அவ்வளவு கவனமாகச் சுண்டவைத்திருக்கிறாள். அந்தத் தண்ணீரில் ஒரு பாட்டில் கேட்டேன். சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்றாள். ஆறியதும் அதே தண்ணீரில் மூன்று முறை கழுவிப் பிடித்துக் கொடுத்தாள். லேபில் பார்த்தேன். கிணற்றில் இருநூற்று நாற்பது. பாட்டிலில் நானூற்று எழுபத்தொன்று.

குழாயில் எழும்பிய அந்த மஞ்சளை அப்பாவிடம் காட்டவேண்டும் போல இருந்தது. கல்யாணப் பட்டுக்குப் போடுகிற மஞ்சள்.

ஜூலை இரண்டாம் தேதி பிற்பகல் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லேபுக்கே வந்தாள். ஞானசுந்தரி கிராமத்துக்குப் போயிருந்தார். "ஒதட்ட பாரு சார். நாவப்பழம் துன்ன மாரி கீது. அயவும் மாட்டேன்னுது" என்றாள். உதடு மட்டுமல்ல, நகமும் அப்படித்தான் இருந்தது. நான் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தேன். சிவப்பாக வரவில்லை. வெல்லப்பாகு நிறத்தில் வந்தது.

இதற்கு மருந்து இருக்கிறது. ஒரு நீல மருந்து, ஊசியாகப் போட்டால் சில மணி நேரத்தில் இரத்தம் தெளியும். மாவட்ட ஆஸ்பத்திரியில் இல்லாவிட்டாலும் மெட்ராஸில் இருக்கும். ஒரு துண்டுத் தாளில் நான் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திருந்தால் டாக்டருக்குப் புரிந்திருக்கும். எழுதியிருக்கலாம். ஆனால் ஒரு ரீடிங் ரீடிங் ஆகாது. குறைந்தது இரண்டு வேண்டும், இருபத்துநாலு மணி நேர இடைவெளியில். இல்லாவிட்டால் தற்செயல் என்று சொல்லிவிடுவார்கள். என்னுடைய ஆறு மாத உழைப்பும் தற்செயலாகிவிடும்.

"ஒன்னும் இல்ல, சளிதான். நாளைக்கு இதே நேரத்துக்குக் கொண்டுவா" என்றேன். "பால் மட்டும் நிறுத்தாத."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையிலேயே ஞானசுந்தரி குழந்தையைப் பார்த்துவிட்டார். இதயத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து, கையோடு காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார். பஸ் செய்யாற்றைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு இரண்டாவது ரீடிங் கிடைக்கவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் பூர்த்தியாகும். அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் நான் துக்கம் விசாரிக்கப் போனேன். வேண்டுமென்றுதான் போனேன். போகாமல் இருந்தால்தான் தப்பு. ஏசுதாஸ் மூலையில் உட்கார்ந்திருந்தான். பாக்கியமேரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஞானசுந்தரியும் அம்முலுவும் இருந்தார்கள். சிட்டம்மாள் எனக்குக் கடுங்காப்பி கொடுத்தாள், குடித்தேன். பிறகு வாய் கொப்பளிக்கவென்று டம்ளரில் தண்ணீர் வைத்தாள். நான் தொடவில்லை.

"சாரு எங்க தண்ணியத் தொடாதுமா" என்றாள் அம்முலு. "ஊர்க்காரங்கோ பேசுவாங்கோன்னு பயம்."

ஞானசுந்தரி என்னைப் பார்த்தார். "அன்னிக்கி எலையில குந்தி புளிச்சோறு துன்னியே" என்றார். "இப்போ காப்பி குடிச்சியே. ஊரு பேசும்னா அதுக்குப் பேசாதா?"

நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"தண்ணி மட்டும்தான் தொட மாட்டேன்ற. இந்தக் கெணத்துக்கு நீ பச்ச ஒட்டிகீற." அவர் குரல் உயரவே இல்லை. "குடி வேதகிரி. நீ நல்லதுன்னு எழுதிக்குடுத்த தண்ணிதானே. ஒரு முழுங்கு."

சிட்டம்மாள் டம்ளரை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் டம்ளரைப் பார்த்தேன். அடி தெளிவாகத் தெரிந்தது. ஒரு முழுங்கு என்னை ஒன்றும் செய்திருக்காது, அது உங்களுக்கும் இப்போது தெரியும். குடித்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். கை நீளவில்லை.

பாக்கியமேரி அப்போதுதான் திரும்பிப் படுத்தாள். "சார்" என்றாள். "தாமல் தண்ணி நல்ல தண்ணிதானா சார்?"

அவளிடம் நான் பொய் சொல்ல விரும்பவில்லை. ஆறு என்றேன். ஆறு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஞானசுந்தரிக்குத் தெரிந்திருந்தது.

அவ்வளவுதான். சுருக்கமாக வேண்டுமென்றால் இப்படி எழுதிக்கொள்ளுங்கள். காலனிக் கிணறு கெட்டது என்று ஜனவரியிலேயே தெரிந்தும் பச்சைச் சீட்டு ஒட்டியது நான். தாமல் தண்ணீர் நல்லது என்று அளந்து பார்த்துவிட்டுச் சிவப்புச் சீட்டு கொடுத்தது நான். பவுடர் டின் கொண்டுபோய்க் கொடுத்தது நான், தண்ணீர் அந்தக் குழந்தைக்குள் போகவேண்டும் என்பதற்காக. நீலம் பாரித்த பிறகும் மறுநாள் வரச் சொல்லி அனுப்பியதும் நான்தான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. குறிப்பாக ஞானசுந்தரிக்கு இல்லை.

என் மேஜை இழுப்பறையில் இருந்து பேராசிரியரின் கடிதத்தை எடுத்திருக்கிறீர்கள் என்று தெரியும். அதில் இரண்டு வரி. முதல் வரி, அந்தக் கிணற்றை உடனே நிறுத்தச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்து, ஊர்க் கிணற்றில் இருந்து தண்ணீருக்கு ஏற்பாடு செய்யுங்கள். இரண்டாவது வரி, நல்ல தண்ணீருக்கு மாறிய பிறகு இரத்தம் தெளிகிறதா என்று தொடர்ந்து பார்த்து எழுதுங்கள். நான் இரண்டாவது வரியைத்தான் மேலே சொன்னேன். அதையும் முழுதாகச் சொல்லவில்லை.

நேற்று கிணற்றைப் பலகை போட்டு மூடிவிட்டார்கள் என்று உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். காலனிக்கு டேங்கரில் தண்ணீர் போகிறதாம். நல்லது. செய்யவேண்டியதுதான். ஆனால் பேராசிரியர் கேட்டது இப்போதுதான் தொடங்குகிறது. அம்முலுவுக்கு அடுத்த மாதம் ஏழு. மூன்றாம் மாதத்தில் இருந்து அவளுடைய கணக்கு ஒரு புள்ளி விடாமல் என் நோட்டில் இருக்கிறது. நல்ல தண்ணீருக்கு மாறினால் இரத்தம் எப்படித் தெளியும் என்று காட்ட, அந்தக் காலனியில் இனி அவள் ஒருத்திதான் மிச்சம். அவள் போய்விட்டால் பாக்கியமேரியின் குழந்தை போனதற்கு ஓர் அர்த்தமே இல்லாமல் போய்விடும். இதை எனக்காகக் கேட்கவில்லை. எனக்கு இனி என்ன.

அவளுக்கு அம்மா வீடு ராஜகுளம். அடுத்த மாதம் கூட்டிப்போக வருவார்கள். யாராவது ஒருவர் போய், ராஜகுளத்துத் தண்ணீர் சரியில்லை என்று மட்டும் சொல்லிவையுங்கள். நல்ல பெண், கேட்டுக்கொள்வாள்.